ஈதலும் ஏற்றலும்: உடலகத்து நிகழும் ஒரு கொடையின் ஆராய்ச்சி

ஈதல் என்னுந் தொழில் ஈவோன் ஒருவனாலேயே நிறைவெய்துவதன்று. ஏற்போன் ஒருவன் வேண்டும். அவன் ஏற்கும் நிலையில் இருத்தல் வேண்டும். கொடையும் உரிய காலத்தில் நிகழ்தல் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் பயன் குறையும். இவ்வுண்மை மக்களின் கொடுக்கல் வாங்கலுக்கே உரியதென்று நாம் கருதியிருக்கிறோம். நம் உடலினுள்ளும் இதுவே முறையாக நடைபெறுகின்றதென்று உடலியல் நூலார் கண்டுள்ளனர். அதனை ஆண்மை நீராகிய டெஸ்டாஸ்டிரோனை எடுத்துக்காட்டாகக் கொண்டு நம் கல்லூரி அன்பர்க்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுக்கோட்டைச் சீமை பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கண்மாயும் ஏந்தலும் ஊருணியுமே அதன் உயிர்நாடிகள். ஓராண்டு வற்றிக் கிடந்த கண்மாயும், பல்லாண்டு வற்றித் தூர்ந்துபோன கண்மாயும் ஒன்றல்ல என்பதை அந்நாட்டு உழவர் எவரும் அறிவர். முன்னது ஒரு நல்ல மழையில் நிரம்பி மடை திறக்கும். பின்னதற்கோ வரத்துக்கால் மண்மூடியிருக்கும், மடை பழுதுற்றிருக்கும், மழை பெய்தாலும் நீர் வயலை அடையாது. நீர் வயலை அடைந்தாலும், நாற்றுப் பருவத்தில் தண்ணீரின்றி வாடிய பயிர் கதிர்ப் பருவத்து வெள்ளத்தால் முழு விளைவு தருவதில்லை. இனி, ஒருவனது உடல் பல்லாண்டு டெஸ்டாஸ்டிரோன் இன்றிக் கிடந்து, பின்னர் மருத்துவர் அதனை ஊசியாலோ களிம்பாலோ ஈந்தால், அவ்வுடல் அதனை எவ்வாறு ஏற்கும்? ஓராண்டு வற்றிய கண்மாய்போலவா, தூர்ந்த கண்மாய்போலவா? இதுவே நம்முன் நிற்கும் வினா.

முதற்கண் அந்நீரின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1849-இல் ஜெர்மனியில் கேட்டிங்கன் நகரத்தில் பெர்த்தோல்டு என்னும் அறிஞர் சேவற்குஞ்சுகளின் விதைகளை நீக்கி நோக்கினார். அவை கொண்டை சிறுத்து, கூவுதலும் போரிடுதலும் ஒழிந்தன. சிலவற்றின் வயிற்றினுள் விதையை மீண்டும் வைத்தபோது அவை முழுச் சேவல்களாகவே வளர்ந்தன. நரம்புத் தொடர்பு அறுந்த பின்னும் இவ்வாறு நிகழ்ந்தமையால், விதையிலிருந்து ஏதோ ஒன்று குருதியிற் கலந்து உடலெங்குஞ் செல்கின்றதென்பது புலனாயிற்று. இத்தகைய நீர்களுக்கு 1905-இல் ஆங்கில அறிஞர் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்று பெயர் வழங்கினார். எழுப்பிவிடுதல், தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் லக்கேயரும் அவருடன் உழைத்தோரும் காளையின் விதையினின்று டெஸ்டாஸ்டிரோனைப் பிரித்தெடுத்தனர். அவ்வாண்டிலேயே பூட்டனான்ட், ருசிக்கா என்னும் இருவர் தனித்தனியே அதனைச் சோதனைச்சாலையிற் செய்து காட்டினர். அவ்விருவர்க்கும் 1939-ஆம் ஆண்டின் இரசாயன நோபெற் பரிசு வழங்கப்பெற்றது.

வளர்ந்த ஆடவன் ஒருவனது உடல் நாளொன்றுக்கு ஆக்கும் டெஸ்டாஸ்டிரோன் ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம். இஃது ஓர் அரிசியின் நிறையில் நாலில் ஒரு பங்களவேயாம். இத்துணைச் சிறிய பொருள் குரலை மாற்றுகின்றது, மீசையை அரும்பச் செய்கின்றது, தசையைத் திரட்டுகின்றது, எலும்பை உறுதியாக்குகின்றது, குருதியின் செந்நிறப் பொருளை மிகுவிக்கின்றது. இஃது எவ்வாறு இயலும்? உயிரணுக்களினுள்ளே அதனை ஏற்பதற்கென்றே அமைந்த புரதங்கள் உள்ளன. அவற்றை ‘ஏற்பி’ என்று தமிழில் வழங்குகின்றனர். பொருத்தமான பெயர், ‘ஏல்’ என்னும் வினையடியிற் பிறந்து, செய்யுந் தொழிலைத் தானே விளக்கி நிற்கின்றது. டெஸ்டாஸ்டிரோன் வந்து தன் ஏற்பியொடு கூடியவுடன், அவ்விரண்டும் ஒன்றாய் உயிரணுவின் கருவினுட் புகுந்து, இன்ன இன்ன புரதங்களை ஆக்குக என்று மரபணுக்களைப் பணிக்கின்றன. ஏற்பியில்லாவிடத்து டெஸ்டாஸ்டிரோன் எவ்வளவு பெருகினும் வாயிலில் நின்று திரும்பும் விருந்தினன் போல்வதே.

விதைகள் தாமாகவே இந்நீரைச் சுரப்பன அல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி அவற்றுக்கு ஆணை அனுப்புகின்றது. அச்சுரப்பிக்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதி ஆணையிடுகின்றது. குருதியில் டெஸ்டாஸ்டிரோன் மிகுந்தால் மேலிருந்து வரும் ஆணை தளர்கின்றது. குறைந்தால் ஆணை மிகுகின்றது. இச்சங்கிலியில் எக்கண்ணி அறுந்தாலும் உடல் வறட்சியுறும்.

வறட்சி இருவகைத்து. ஒன்று, பூப்புப் பருவத்துக்கு முன்பே நேர்வது. மற்றொன்று, ஆண்மை முற்றிய பின் நேர்வது. முன்னதற்குப் பிறவிக் காரணங்கள் பல. 1944-இல் கால்மன் என்பவர் விரித்துரைத்த நோயில் மூளையின் ஆணை எழுவதில்லை. அந்நோயுடையோர் பெரும்பாலும் மணம் நுகரும் ஆற்றலும் இல்லாதவராய் இருப்பர். 1942-இல் கிளைன்ஃபெல்டர் விளக்கிய நிலையிலோ ஒரு எக்ஸ் குரோமோசோம் மிகுந்திருப்பதால் விதைகள் நன்கு வளர்வதில்லை. பூப்புக்கு முன் வறட்சியுற்றோர்க்குக் குரல் உடையாது; மீசை அரும்பாது; எலும்பின் வளர்தகடுகள் உரிய காலத்தில் மூடாமையால் கைகால்கள் நெடிது வளரும்; எலும்பு மெலிந்திருக்கும். பிந்திய வகையில், பொன்னுக்குவீங்கி விதையைத் தாக்குதல், அடிபடுதல், பிட்யூட்டரியிற் கட்டி தோன்றுதல் முதலியன காரணங்களாம். இவர்க்கு உடைந்த குரல் மீளாது. ஆனால் தசை சுருங்கும், குருதி வெளிறும், எலும்பு தேயும், ஊக்கம் குன்றும்.

இனி, மருத்துவர் டெஸ்டாஸ்டிரோனை ஈயத் தொடங்கும்போது நிகழ்வன யாவை? உடலின் உறுப்புக்கள் எல்லாம் ஒரே நாளில் விடையிறுப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. வேட்கையும் மனவெழுச்சியும் மூன்றாம் வாரமளவில் எழத் தொடங்குகின்றன. குருதியின் செம்மை மூன்று திங்களிற் புலப்பட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு திங்களில் உச்சம் எய்துகின்றது. தசையின் வலிமை பன்னிரண்டு முதற் பதினாறு வாரங்களிற் கூடுகின்றது. எலும்பின் செறிவு ஆறு திங்களுக்குப் பின்னரே அளந்தறியத்தக்கதாகி, மூன்றாண்டு வரை சிறுகச் சிறுக ஏறிச் செல்கின்றது. முதல் மாதத்தில் எல்லாம் கைகூடவில்லையே என்று மனம் நொந்து மருந்தை விடுவோரும், வேட்கை மீண்டதும் நோய் தீர்ந்ததென்று விடுவோரும் ஒருங்கே பிழைபடுவர் என்பது இதனாற் பெறப்படும்.

பூப்பே எய்தாது முப்பதாண்டு கழிந்த ஒருவனது நிலை யாது? இங்கேதான் வியத்தகு செய்தி ஒன்று உண்டு. அத்துணைக் காலங் கழிந்த பின்னும் ஏற்பிகள் இறந்துபடுவதில்லை. சிற்றளவில் தொடங்கி, இயற்கையைப் பின்பற்றி ஈராண்டு மூவாண்டுகளில் படிப்படியாக மருந்தை மிகுத்தால், முப்பது வயதிலும் குரல் உடைகின்றது, மீசை அரும்புகின்றது, தோள் அகல்கின்றது. ஏற்போன் வாயிலிற் காத்தே நின்றிருக்கின்றான்.

ஆயினும் பருவத்தொடு பிணைந்த பணிகள் சில மீள்வதில்லை. எலும்பின் செறிவு இளமையிலேயே உச்சம் எய்த வேண்டுவது. அக்காலத்து வறட்சியுற்றவனுக்குப் பின்னர் எத்துணை ஈந்தாலும் அச்செறிவு முழுமை பெறாமற் போவதுண்டு. நெடிது வளர்ந்த கைகால்கள் குறுகுவதில்லை. மேலும், வெளியிலிருந்து ஈயும் டெஸ்டாஸ்டிரோன் விதைகளை வளர்ப்பதில்லை. மகப்பேறு வேண்டுவோர்க்குப் பிட்யூட்டரியின் ஆணை நீர்களையே தனியே ஈதல் வேண்டும். அவ்வாறு ஈந்தால், மூளையின் ஆணை மட்டும் இல்லாதவர் பலர் நெடுங்காலங் கழித்தும் தந்தையராகின்றனர். ஆகவே, நாம் முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாம்: ஏற்பிகளைப் பொறுத்தமட்டில் உடல் ஓராண்டு வற்றிய கண்மாய் போன்றது, மழை வந்தால் நிரம்பும். பருவத்தைப் பொறுத்தமட்டில் அது நாற்றுப் பருவத்தில் வாடிய பயிர் போன்றது. வேர் பிழைக்கும், விளைச்சல் குறையும்.

வறட்சி நீண்டால் ஏற்பிகளின் நிலையே மாறுவதும் உண்டு. அதற்குச் சான்று புராஸ்டேட் புற்றுநோய். புராஸ்டேட் என்பது ஆடவரின் மூத்திரப்பையின் கீழ் உள்ள சுரப்பி. 1941-இல் சிக்காகோவில் ஹக்கின்ஸ் என்னும் மருத்துவரும் ஹாட்ஜஸ் என்பவரும், விதையை நீக்கினால் இப்புற்றுநோய் பின்வாங்குவதைக் கண்டனர். ஹக்கின்சுக்கு 1966-இல் நோபெற் பரிசு கிடைத்தது. அன்றுதொட்டு இவ்வகை நோயாளர் பலர்க்கு டெஸ்டாஸ்டிரோனைத் தடுத்தலே மருத்துவமாக உள்ளது. புதுக்கோட்டை தந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதை ஈண்டு நன்றியுடன் நினைத்தல் தகும்.

இத்தடுப்பு ஆண்டுக்கணக்கில் நீளும்போது, புற்றணுக்களிற் சில பட்டினிக்குப் பழகிக்கொள்கின்றன. அவை தம் ஏற்பிகளைப் பெருக்கிக்கொண்டு, குருதியில் எஞ்சியுள்ள அணுவளவு டெஸ்டாஸ்டிரோனையும் பற்றிப் பயன்கொள்கின்றன. அதனால் நோய் மீள எழுகின்றது. இதனினும் விந்தையொன்று உண்டு. இவ்வாறு வறட்சிக்குப் பழகிய அணுக்களின்மீது டெஸ்டாஸ்டிரோனைப் பேரளவில் ஒருங்கே பொழிந்தால், அவற்றுட் சில மடிகின்றன. வறண்ட நிலத்துச் செடியின் வேர் பெருவெள்ளத்தில் அழுகுதல் போல. அமெரிக்க நாட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இதனைச் சோதித்து, சிலரிடம் நோய் பின்வாங்கக் கண்டனர், எல்லாரிடமும் அன்று. இது மருத்துவரின் நேர்பார்வையிற் செய்யத்தக்க சோதனையேயன்றி, எவரும் தாமே மேற்கொள்ளத்தக்கதன்று. நமக்கு இதனால் விளங்குவது யாதெனின், ஒரே மருந்து ஒரே அளவில் ஈயப்படினும், உடல் கடந்துவந்த வறட்சியின் நீளத்துக்கு ஏற்பப் பயன் வேறுபடும் என்பதே. தடுப்பை நிறுத்திய பின்னும் இதுவே முறை. வறட்சி நீண்டவர்க்கும் முதியோர்க்கும் சொந்தச் சுரப்பு மெல்லவே மீள்கின்றது, சிலர்க்கு மீள்வதேயில்லை. வரத்துக்கால் தூர்ந்துவிட்டதென்று இதனைக் கூறலாம்.

முதுமையிற் சற்றே குறையும் டெஸ்டாஸ்டிரோனை எல்லார்க்கும் ஈந்துவிட்டால் இளமை மீளும் என்று விளம்பரஞ் செய்வாரும் உளர். 2023-இல் வெளியான ஒரு பேராய்வில் 45 முதல் 80 வயதுக்குட்பட்ட, அந்நீர் குறைந்த ஆடவர் 5,200-க்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். மருந்து பெற்றோர்க்கு மாரடைப்பு முதலியன மிகவில்லை. ஆனால் நெஞ்சத்துடிப்புக் கோளாறும், நுரையீரற் குருதிக்கட்டியும் ஓரளவு மிகுந்தன. எலும்பின் செறிவு ஏறுமென்பது முன்பே தெரிந்ததாயினும், 2024-இல் வெளியான அதன் துணையாய்வில் எலும்பு முறிவு குறையவில்லை. மருந்து பெற்றோரிடம் சற்று மிகுந்தே காணப்பட்டது. அளவை ஒன்று ஏறியதனாலேயே பயன் கைவந்ததென்று துணிதல் கூடாது என்பதற்கு இஃதொரு நற்சான்று.

நம்மையொத்த இளைஞர்க்கு வேறொரு எச்சரிக்கையும் வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் தசையைத் திரட்டும்பொருட்டு மருத்துவர் அறியாது இவ்வூசிகளைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் பரவியுள்ளது. குறைவு இல்லாதவனுக்கு ஈவது மிகையாகின்றது. மிகையைக் கண்ட மூளை தன் ஆணையை நிறுத்திவிடுகின்றது. விதைகள் சுருங்குகின்றன, விந்தணு குறைகின்றது. ஊசியை விட்ட பின் திங்கள் பலவும், சிலர்க்கு ஆண்டுக்கு மேலும், உடல் வறட்சியிற் கிடக்கின்றது. செல்வத்தை வாரி இறைத்து வறுமையை விலைக்கு வாங்குதல் என்பது இதுவேயன்றோ!

இதுகாறும் ஈவது குறைந்த நிலையைக் கண்டோம். ஈவது நிறைந்திருந்தும் ஏற்பது இல்லாத நிலையும் ஒன்றுண்டு. அதனை ‘ஆண்ட்ரோஜன் ஏலாமை’ என்பர். ஏற்பியை ஆக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அது பழுதுற்றால், எக்ஸ் ஒய் குரோமோசோம்களோடு பிறந்த குழந்தையின் உடலில் டெஸ்டாஸ்டிரோன் சுரப்பினும் உடல் அதனை ஏற்பதில்லை. அது வேறொரு நீராகிய ஈஸ்ட்ரோஜனாக மாறுகின்றது. முழு ஏலாமையுடைய குழந்தை பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்கின்றது. அவ்வுடலுக்கு டெஸ்டாஸ்டிரோன் எத்துணை ஈந்தாலும் மீசை அரும்பாது; தசை திரளாது. பிறப்பு முதலே முற்றிய வறட்சி அது. குளம் நிறைந்திருந்தும் மடையில்லாத வறட்சி.

இச்செய்தி புதுக்கோட்டை மாவட்டத்தின் மகளொருவர் வரலாற்றோடு தொடர்புற்றது. கத்தக்குறிச்சி என்னும் சிற்றூரில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹா நகரத்து ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். சில நாட்களுக்குள் பாலினச் சோதனை ஒன்றின் பேரில் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ஒருவர் தம் மருத்துவரோடு மட்டும் பேசத்தக்க செய்திகள் உலகெங்கும் நாளேடுகளில் அச்சேறின. ஆண்ட்ரோஜன் ஏலாமையே காரணமென்று அவற்றுட் பல எழுதின. அவருடைய உடலின் இயல்பு அவருக்கே உரியது. அதனை நாம் ஆராய்வது முறையன்று. ஆனால், அவ்வேடுகள் எழுதியது மெய்யென்றே கொண்டாலும், அதனாற் பெறப்படுவது யாது? ஏலா உடலில் டெஸ்டாஸ்டிரோன் அதன் வழியே ஓட்டத்துக்கு வலிமை தருவதில்லை. இதனை விளையாட்டுத் தலைவர்களே பின்னர் ஒப்புக்கொண்டனர். 2011-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் அகில உலகத் தடகளச் சங்கம் வகுத்த விதிகள், குருதியில் அந்நீர் எவ்வளவு உள்ளதென்பதோடு நில்லாது, உடல் அதனை ஏற்கின்றதா என்பதையும் கேட்டன. 2006-இல் இவ்வினாவைக் கேட்டு விடை காணும்வரை பொறுத்திருந்தால், ஒரு பெண்ணின் வாழ்வு ஊரறியக் குலைந்திராது.

அவர் அதனோடு முடங்கிவிடவில்லை. தம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பயிற்றினார். வறுமையால் 2012-இல் செங்கற்சூளையில் கூலிவேலை செய்தார். பின்னர் பெங்களூரிற் பயிற்றுநர் பட்டயம் பெற்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திற் பயிற்றுநரானார். விதிகள் மாறிய பின்னும் பதக்கம் அவரை வந்தடையவில்லை. பருவத்தில் ஈயப்படாத நீதியும் பருவத்தில் பெய்யாத மழையும் ஒரு தன்மையனவே போலும்.

இதுகாறும் கூறியவற்றால், டெஸ்டாஸ்டிரோனைப் பற்றி எழும் எவ்வினாவுக்கும் குருதியின் அளவொன்றே விடையாகாதென்பது தெளிவு. எவ்வளவு உள்ளது, எப்பருவத்தில் வந்தது, எத்துணைக் காலம் இல்லாதிருந்தது, உடல் அதனை ஏற்கின்றதா என்னும் நான்கையும் ஒருங்கே நோக்குபவனே நன்மருத்துவன். அளவையொன்றை மட்டும் நோக்கி முடிபு கூறுபவன், கண்மாயின் நீர்மட்டத்தைப் பார்த்து விளைச்சலைக் கணக்கிடுபவனை ஒப்பான்.

முடிவாக, மாணவ நண்பர்க்கு ஒரு சொல். பதினாலு வயதாகியும் உடலிற் பருவமாற்றம் தொடங்காத சிறுவன் ஒருவன் நம் வீட்டிலோ விடுதியிலோ இருக்கக்கூடும். பிறர் நகையாடுவர் என்று அஞ்சி அவன் வாய்மூடியிருப்பான். பலர்க்கு அது சற்றுத் தாமதமாக வரும் பருவமேயாம். தானே வந்து சேரும். சிலர்க்கோ மருத்துவம் வேண்டும். இன்னவர் யாரென்று பிரித்தறிதல் மருத்துவரின் கடமை. அவரிடம் செல்லத் துணிவூட்டுதல் நம் கடமை. முப்பதிலும் குரல் உடையும், மீசையும் அரும்பும். ஆனால் பதினைந்தில் வளர வேண்டிய எலும்பு முப்பதில் அவ்வாறே வளர்வதில்லை. நாணத்தாற் கழியும் ஒவ்வோராண்டும் வறட்சியின் கணக்கிற் சேர்கின்றது. ஒருவன் உடலைக் குறித்து நாம் நகைத்த ஒரு சொல், அவனை மருத்துவர் வாயிலினின்று பல்லாண்டு விலக்கி வைத்தல் கூடும்; பரிந்து சொன்ன ஒரு சொல், அவனைப் பருவத்திலேயே அங்குச் சேர்த்தலுங் கூடும். இவ்விரண்டனுள் எதனை ஈவது என்பது நம் கையிலேயே உள்ளது.